ஆழ்கடலுக்கும் ஆகும், குடும்பத்துக்கும் ஆகும்!

“பாவித்த படகு விற்பனைக்கு. 21 அடி. சென்ரர் கொன்சோல். ஆழ்கடல் மீன்பிடிக்கும் குடும்ப உல்லாசத்துக்கும் மிகப் பொருத்தமானது.”

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா வளைகுடாவை அண்டிய சிறு நகரொன்றில் வாழும் என் சகோதரியின் மகன் தனது கணினித் திரையில் எனக்குக் காட்டிய விளம்பரத்தின் வாசகம் இது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் தந்திருக்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை மேசையில் குப்பை கொட்டியவன் நான். மரண அறிவித்தல், மணமகள் தேவை, காணி விற்பனைக்கு என்று எத்தனையோ ஆயிரம் விளம்பரங்கள் என் கண்முன்னே அச்சேறியிருக்கின்றன. விளம்பரத்தில் பொய் எப்போதும் பெயர்ச்சொல்லில் இருப்பதில்லை. படகு என்றால் படகு இருக்கத்தான் செய்யும். பெயரடையில்கூடப் பெரிதாக இருப்பதில்லை. ‘அழகிய’ என்றால் வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்வார். பொய் இடைச்சொல்லில் ஒளிந்திருக்கும். மேற்படி விளம்பரத்தில் அது ‘உம்’ என்ற இரண்டெழுத்தில் ஒளிந்திருந்தது. ஆழ்கடல் மீன்பிடிக்கும், குடும்ப உல்லாசத்துக்கும்!

இருபது ஆண்டுப் பழைமையான 21 அடிப் படகொன்று இந்த இரண்டில் ஏதாவதொன்றுக்குப் பொருந்தலாம். இரண்டுக்கும் பொருந்தும் என்று ஒரே மூச்சில் சொல்லி விற்பது மோசடி. அதைத் தடுக்கவேண்டிய சட்டம், தடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் இல்லாதிருக்கிறது. இதைத்தான் இங்கு எழுதப்போகிறேன். வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவர் பலர் இப்பொழுது வீட்டையும் காரையும் அடுத்துப் படகு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதால், இது என் மருமகனின் வீட்டு விவகாரம் மட்டுமல்ல.

சென்ரர் கொன்சோல் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம். படகின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு மேடை. சுக்கான், இயந்திரக் கட்டுப்பாடு, திசைகாட்டி எல்லாம் அதில். அந்த மேடையைச் சுற்றி அணியம் முதல் பின்னணியம் வரை வெறும் திறந்த தளம். அறை இல்லை, கூரை இல்லை; சிலவற்றில் மேடைக்கு மேல் மட்டும் குடை போன்ற ஒரு பந்தல். பின்பலகையில் வெளியிணைப்பு இயந்திரம். இந்த அமைப்பு வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. தூண்டிலில் சிக்கிய பெருமீன் படகைச் சுற்றிச் சுற்றி ஓடும். பிடிப்பவன் தடியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் முழுச்சுற்றும் நடக்கவேண்டும். நடுவில் அறை இருந்தால் நூல் அறுந்துவிடும். ஆகவே இது மீன்பிடிப்பவனுக்காக, மீனை முன்வைத்து வரையப்பட்ட படகு. அந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த சிறுபடகு இல்லை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

இனி இதே படகில் ஒரு குடும்பத்தை ஏற்றிப்பாருங்கள். தாய் எங்கே அமர்வாள்? மேடைக்கு முன்னாலுள்ள பனிக்கட்டிப் பெட்டியின்மேல். பிள்ளைகள் எங்கே அமர்வர்? அணியத்தில், ஏனெனில் காற்று முகத்தில் அடிப்பது அங்கேதான். அணியத்திலிருந்து ஒரு பிள்ளை தவறி விழுந்தால் படகு அதன் மேலாகத்தான் செல்லும். பின்னால் சுழல்வது இயந்திரத்தின் விசிறி. மீன் தூக்க வசதியாகத் தாழ்வாக அமைத்த விளிம்பு, வளர்ந்த மனிதனுக்கு முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். நிழல் இல்லை. மலசலகூடம் இருந்தால் மேடைக்குள் குந்தியிருக்கும் ஒரு பிளாஸ்ரிக் வாளி. இதை ‘குடும்ப உல்லாசம்’ என்று எழுதியவர் தமது குடும்பத்தை ஏற்றிச் சென்றிருப்பாரா என்பது என் முதற் சந்தேகம்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். “மாமா, குடும்பத்தோடை போறது வளைகுடாவுக்குள்ளை தான். ஆழ்கடலுக்கு நாங்கள் சிநேகிதர் மட்டும்” என்றான். நல்ல பதில். ஆனால் எட்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் கண்ணாடி போல் கிடக்கும்போது, ஒன்பது வயது மகன் “அப்பா, நானும் பெரிய மீன் பிடிக்க வாறன்” என்று கேட்டால் என்ன செய்வான் என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் விளம்பரம் எழுதியவர் நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்.

புளோரிடாவின் மேற்குக் கரையில் ‘ஆழ்கடல்’ என்பதன் பொருளையும் தெரிந்துகொள்ளவேண்டும். மியாமிப் பக்கத்தில் சில மைல் சென்றாலே ஆழம் வந்துவிடும். மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்தில் கடற்தரை மிக மெதுவாகச் சரிகிறது. பெரிய கலவாய்களும் சிவப்புச் சினாப்பர்களும் வாழும் ஆழத்தைத் தேடிக் கரையை முற்றாக மறந்து முப்பது, ஐம்பது, சிலவேளை எழுபது மைல் ஓடவேண்டும். கோடையில் பிற்பகல்தோறும் இடியுடன் மழை திரளும். ஆழமற்ற கடலாதலால் காற்று வலுத்ததும் அலை குறுகியதாய், செங்குத்தாய், ஒன்றன்மேல் ஒன்றாய் எழும். இரண்டு மணி நேரம் ஓடிச் சென்ற தூரத்தை நாலு மணி நேரம் எடுத்தும் திரும்பமுடியாது போகலாம்.

சரி, படகைப் பார்க்கப் போனோம்.

வெயிலில் பளபளவென்று மெழுகு பூசி வைத்திருந்தார்கள். விற்பவர் தரகர், மிக இனிமையான மனிதர். என்னையும் ‘சேர்’ என்றே அழைத்தார். விளம்பரத்தில் 2006ஆம் ஆண்டுப் படகு என்றிருந்தது. பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம், எழுதியதை எழுதியவாறே நம்புவதில்லை. அமெரிக்கப் படகுகள் ஒவ்வொன்றுக்கும் பின்பலகையின் வலப்புற மேல் மூலையில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாய் ஓர் அடையாள இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் இறுதி இரண்டு இலக்கங்கள் படகின் மாதிரி ஆண்டைக் குறிக்கும். குனிந்து பார்த்தேன். 04 என்றிருந்தது. “எழுத்துப்பிழை, சேர்” என்றார் தரகர். என் தொழிலில் எழுத்துப்பிழை எப்படி நிகழும் என்பதை நான் அறிவேன். அது எப்போதும் விற்பவருக்குச் சாதகமாகவே நிகழ்வதில்லை.

கண்ணாடியிழைப் படகின் கபடம் இதுதான்: அதன் முதுமை வெளியே தெரியாது. மரப்படகு உளுத்தால் நாறும், பிளக்கும், நீர் ஊறும், பார்த்தவுடன் தெரியும். கண்ணாடியிழை இருபது ஆண்டு கழித்தும் ஒருநாள் மெழுகில் புதுமணப்பெண்ணாகிவிடும். உள்ளே நடப்பது வேறு. அக்காலத்துப் படகுகள் பலவற்றில் பின்பலகை என்பது கண்ணாடியிழைக்குள் பொதிந்த ஒட்டுப்பலகை. இயந்திரத்தைப் பூட்டிய ஆணித் துளைகள், மீன்தேடும் கருவிக்காக எவரோ துளைத்து மறந்த திருகாணித் துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்து பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும். கால் தொன்னுக்கு அண்மித்த இயந்திரம் அந்த மக்கிய பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். தளத்தின் கீழே மிதப்புக்கென ஊற்றிய நுரை, ஈரம் புகுந்தால் நீரை உறிஞ்சிப் படகை மிதக்கவைப்பதற்குப் பதில் பாரமேற்றும். எரிபொருள் தாங்கி பெரும்பாலும் அலுமினியம். அதையும் நுரைக்குள் புதைத்துவிடுவர். அது அரிக்கப்பட்டதா என்று பார்க்கத் தளத்தை அறுக்கவேண்டியிருக்கும்.

இதற்கு மேல் அந்த ஆண்டு இன்னொரு விசேடமும் இருந்தது. 2024 செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி டாம்பா வளைகுடாக் கரைகளைக் கடல்நீரால் மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள், ஒக்டோபர் 9ஆம் திகதி, மில்டன் சூறாவளி சற்றுத் தெற்கே சியஸ்ரா கீ அருகே கரையேறியது. வீடுகளுக்குள் படகுகளும் வீதிகளில் படகுகளுமாய்க் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. அவ்வாறு நீரில் தாழ்ந்தவையும் மோதுண்டவையும் எங்கே போயின? எல்லாமே குப்பைமேட்டுக்குப் போயிருக்கும் என்று நம்புவதற்கு நான் ஒன்றும் பச்சைக்குழந்தையல்ல.

படகைப் பரிசோதிக்கவென்றே தொழில்முறை ஆட்கள் அங்கு உண்டு. அடிக் கணக்கில் கட்டணம். எமக்கு அடிக்கு 25 டொலர். ஆக 525 டொலர். “மாமா, அந்தக் காசுக்கு இரண்டு நல்ல தூண்டில் வாங்கலாம்” என்றான் மருமகன். படகுக்கு 24,000 டொலர் கொடுக்கத் தயாராயிருந்தவனுக்கு, அந்தப் படகு படகுதானா என்று அறியச் செலவிடும் தொகை கசந்தது. இது அவனுடைய குணமல்ல, மனித குணம். பெண் பார்க்கப் போகையில் சாதகம் பார்க்கும் நாம், படகு வாங்குகையில் பரிசோதகரைப் பார்ப்பதில்லை. அந்த 525 டொலரை நானே கொடுத்தேன்.

பரிசோதகர் வந்தார். கையில் சிறு பிளாஸ்ரிக் சுத்தியல். பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ‘டக், டக்’ என்ற ஒலி இயந்திரத்தின் கீழ் ஆணிகளை அண்மித்ததும் ‘தொப், தொப்’ என்று மாறியது. பழுத்த பலாப்பழத்தைத் தட்டத் தெரிந்த எவருக்கும் அந்த வித்தியாசம் விளங்கும். ஈரமானியை வைத்தார், முள் ஓடியது. தரகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. படகை நீரில் இறக்கி, பரிசோதகர், தரகரின் உதவியாள், மருமகன், நான் ஆகிய நால்வரும் பின்னணியத்தில் ஒன்றாகப் போய் நிற்குமாறு பரிசோதகர் சொன்னார். மீன் பிடிக்கும்போது நால்வர் அங்கேதானே நிற்பர்! நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் வடிதுளைகளின் வழியே கடல்நீர் மேல்நோக்கி வந்து தளத்தில் பரவியது. என் சப்பாத்து நனைந்தது. தளத்தில் விழும் நீரை வெளியேற்றவென அமைத்த துளைகள் அவை. அவற்றினூடாக நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

காரணத்தை அவர் விளக்கினார். அந்தப் படகு 2004இல் இரு வீச்சு இயந்திரத்துக்கென வரையப்பட்டது. பின்னர் ஓர் உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டு நான்கு வீச்சு இயந்திரம் பூட்டியிருக்கிறார். நான்கு வீச்சு நல்லது. புகை குறைவு, எரிபொருள் மிச்சம், ஒலியும் இல்லை. ஆனால் பாரம் கூடியது. அத்துடன் ஊறிய பலகையின் பாரம், நால்வரின் பாரம். “புதிய நான்கு வீச்சு இயந்திரம்” என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதனால் படகின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்தது என்பது எந்த எழுத்திலும் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஏனெனில் என் கோபம் அந்த இனிமையான தரகர்மீது மட்டுமல்ல.

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, உல்லாசப் படகு நீர் நிறைந்தாலும் மிதப்பதற்குரிய நுரை இருக்கவேண்டும். எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று குறிக்கும் தகடு பொருத்தியிருக்கவேண்டும். அருமையான விதிகள். ஆனால் இவை 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு மட்டும்! 21 அடிப் படகு நீர் நிறைந்து அடியோடு தாழ்ந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை. அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிவைக்கும் கடமையும் இல்லை. நல்ல தயாரிப்பாளர்கள் தாமாகவே இவற்றைச் செய்கிறார்கள் என்பது உண்மை. 1961இல் பொஸ்டன் வேலர் நிறுவனத்தின் நிறுவுநர் தன் படகில் அமர்ந்திருக்க, அதை நடுவே வாளால் அறுத்து, அப்போதும் அது மிதப்பதை லைஃப் சஞ்சிகையில் படமாகக் காட்டினார். செய்பவர் செய்வர். செய்யாதவரைச் செய்யவைக்கத்தானே சட்டம்?

இது ஒரு முனை. மறுமுனையைக் கேளுங்கள். புளோரிடாவில் படகுத் தரகர் உரிமம் பெறவேண்டும், பிணை வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. அது 32 அடிக்கு மேற்பட்ட கலங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதாவது கோடீசுவரரின் கலத்தை விற்பவருக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டிருக்கிறது. மருத்துவமனையில் கணினி பழுதுபார்க்கும் என் மருமகனைப் போன்றவருக்கு 21 அடி, 23 அடி, 25 அடி என்று விற்பவருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கினால் பெரும்பாலும் கணக்குத் தீர்ந்தது.

20 அடிக்கு மேலே மிதப்பு விதி இல்லை. 32 அடி வரை தரகர் சட்டம் இல்லை. நடுத்தரக் குடும்பம் வாங்கும் கடற்படகுகளில் மிகப் பெரும்பாலானவை சரியாக இந்தப் பன்னிரண்டு அடிக்குள்தான் வருகின்றன. இது தற்செயல் என்று சொல்பவருடன் நான் வாதாட விரும்பவில்லை. தற்செயலாகவே இருக்கட்டும். அரை நூற்றாண்டாக எவருக்கும் அது கண்ணில் படவில்லையா?

ஓட்டுபவருக்கான விதி இதைவிட வேடிக்கையானது. 1988 ஜனவரி 1ஆம் திகதியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் மட்டுமே, 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புப் பாடம் பயின்ற அட்டை வைத்திருக்கவேண்டும். என் மருமகன் 1984இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். ஆகவே பாடம் தேவையில்லை. முந்திப் பிறந்தவர்களுக்கெல்லாம் கடல் கருவிலேயே புகட்டப்பட்டுவிட்டதென்று சட்டம் கருதுகிறது போலும். ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்தும் வாரைப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, நல்லது. ஆனால் அந்த வசதியே இல்லாமல் செய்யப்பட்ட பழைய படகுக்கு அதைப் பொருத்தவேண்டிய கட்டாயம் இல்லை. பழைய படகிலே போகிறவனின் உயிர் பழைய உயிர் போலும்.

போதாக்குறைக்கு 2025 மே மாதம் புளோரிடா ஆளுநர் ‘படகோட்டிகளின் சுதந்திரம்’ என்ற பெயரில் ஒரு சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். தகுந்த காரணமின்றிப் படகை மறித்து உயிர்காப்பு அங்கி முதலியன இருக்கின்றனவா என்று பார்க்க அதிகாரிகளுக்கு இருந்த அதிகாரத்தை அது பறித்துவிட்டது. சுதந்திரம் என்ற சொல்லை எங்கள் தலைமுறை பலவிதமாகப் பாவித்திருக்கிறது. அங்கியில்லாமல் மூழ்கும் சுதந்திரத்துக்கு அதைப் பாவித்தது எமக்குத் தோன்றவில்லை.

“பெரியவர் மேசையில் இருந்துகொண்டு பயமுறுத்துகிறார்” என்று சிலர் சொல்வர். 2009 பெப்ரவரி 28ஆம் திகதிக்குச் செல்வோம். அதே டாம்பா பகுதி. அதே 21 அடி. அதே சென்ரர் கொன்சோல் வகை. அமெரிக்கக் காற்பந்து வீரர்களான மாக்கீஸ் கூப்பர், கோரி ஸ்மித், அவர்களின் நண்பர்களான வில் பிளீக்லி, நிக் ஷைலர் ஆகிய நால்வர் அதிகாலையில் கிளியர்வோட்டரிலிருந்து புறப்பட்டுச் சுமார் 70 மைல் தொலைவுக்கு மீன்பிடிக்கச் சென்றனர். எவரும் முப்பது வயதை எட்டாதவர்கள். உடல்வலுவையே தொழிலாகக் கொண்டவர்கள். மாலையில் திரும்ப எண்ணியபோது நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கலாம். நங்கூரத்தைக் காப்பாற்ற எண்ணிக் கயிற்றைப் பின்னணியத்தில் கட்டி, இயந்திரத்தை முடுக்கி இழுத்தார்கள். பின்பக்கம் தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது, படகு கவிழ்ந்தது. புளோரிடா மீன், வனசீவராசிகள் ஆணைக்குழுவின் விசாரணை கண்ட காரணம் இதுதான்.

அந்தப் படகு மூழ்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தயாரிப்பாளர் நுரை நிரப்பியிருந்தார். தலைகீழாய் மிதந்த அதன் அடிப்பாகத்தைப் பற்றியபடி குளிர்ந்த நீரில், வாடைக்காற்றில் நால்வரும் கிடந்தனர். ஒருவர் பின் ஒருவராக மூவர் போயினர். நாற்பது மணி நேரத்துக்குப் பின், மார்ச் 2ஆம் திகதி, கரையோரக் காவல் படையினர் கண்டெடுத்தது ஷைலர் ஒருவரை மட்டுமே. செய்மதி வழியாக இடத்தை அறிவிக்கும் அவசரக் கருவியொன்று உடன் இருந்திருந்தால் தேடல் அன்றிரவே சரியான இடத்தில் தொடங்கியிருக்கும். அதன் விலை சில நூறு டொலர். உல்லாசப் படகில் அதை வைத்திருக்கும்படி சட்டம் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

2015 ஜூலையில் அதே மாநிலத்தின் கிழக்குக் கரையில், ஜுப்பிட்டர் பகுதியிலிருந்து 14 வயதுச் சிறுவர் இருவர் 19 அடிப் படகொன்றில் மீன்பிடிக்கச் சென்றனர். பிள்ளைகள் கிடைக்கவேயில்லை. படகு மிதந்து மிதந்து எட்டு மாதங்களின் பின் பெர்முடா அருகே அகப்பட்டது. அந்தப் பெற்றோரின் கண்ணீருக்குப் பின் 2016இல் புளோரிடா செய்த காரியம் என்ன தெரியுமா? அவசரக் கருவி வைத்திருப்பவருக்குப் படகுப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு!

அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, அவ்வாண்டில் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்ததாகக் கூறுகிறது. காரணம் தெரிந்த மரணங்களில் 75 வீதம் நீரில் மூழ்கியவை. அவர்களில் 87 வீதமானோர் அங்கி அணிந்திருக்கவில்லை. புளோரிடாவில் ஓடும் படகில், அதுவும் 26 அடிக்குக் குறைந்ததில், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமே கட்டாயம் அணியவேண்டும். மருமகனின் மகள் ஐந்து வயது; அவள் தப்பினாள். ஒன்பது வயது அண்ணனை மாநிலச் சட்டம் பெரியவனாக்கிவிட்டது.

இன்னுமொரு ஆட்சேபனையையும் எதிர்பார்க்கிறேன். “உங்கள் இலங்கையில் என்ன வாழ்கிறது, அமெரிக்கனுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்கள்?” உண்மைதான். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிமுடியாத இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை நாம் பார்த்தோம். 2004 சுனாமிக்குப் பின் எங்கள் கரைகளில் குவிந்த இனாம் படகுகளில் தரங்கெட்டவை எத்தனை என்பதையும் அறிவோம். பளபளத்த கண்ணாடியிழையை நம்பக்கூடாதென்ற பாடத்தை நான் கற்றது அப்போதுதான். ஆனால் ஒரு வேறுபாடு. எங்கள் கடற்றொழிலாளி 18 அடிப் படகில் சிறு இயந்திரத்துடன் கடலுக்குப் போவது வயிற்றுக்காக. கடலும் காற்றும் அவனுக்குத் தகப்பன் வழியாக வந்தவை. அவன் தன் மனைவி பிள்ளைகளைத் தொழில்படகில் ஏற்றி வலை வீசப் போவதில்லை. திருவிழாவுக்கு நயினாதீவு போவதென்றாலும் குறிகட்டுவானில் பயணிகள் படகுக்குத்தான் காத்து நிற்பான். இரண்டும் வெவ்வேறு படகு என்பது அவனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

பாவித்த படகு வாங்காதீர்கள் என்று நான் எழுதவில்லை. புதியதன் விலை பாவித்ததைப்போல் மூன்று மடங்கு. பணக்காரருக்கு மட்டுமே கடல் என்றால் அதையும் நான் எதிர்ப்பேன். பழைய படகை வைத்துக்கொண்டு டாம்பா வளைகுடாவுக்குள், கரை தெரியும் தூரத்தில், பிள்ளைகளுக்கு அங்கி பூட்டி, பின்னேர மழைக்கு முன் திரும்புபவர் புண்ணியவான். அதே படகின் பின்பலகையைத் திருத்தி, வானொலியும் அவசரக் கருவியும் வாங்கி, வளர்ந்தவர் மூவர் மட்டும் நல்ல நாள் பார்த்து வெளிக்கடலுக்குப் போவாராயின் அதுவும் அவர் உரிமை. நான் கேட்பது, விற்பவர் இதில் எதற்கென்று விற்கிறார் என்பதை எழுதட்டும் என்பதே. நால்வர் பின்னால் நின்றால் நீர் எங்கே வருகிறது என்பதை எழுதட்டும். இயந்திரம் மாற்றப்பட்டதா, படகு சூறாவளியில் தாழ்ந்ததா என்பதை எழுதட்டும். 20 அடி என்ற எல்லையை 26 ஆக்குங்கள்; வாரையும் பிள்ளை அங்கியையும் பற்றிய விதிகளில் 26 அடி என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு மிதப்பு விதியில் மட்டும் அந்த எண் ஏன் எட்டவில்லை?

மருமகன் அந்தப் படகை வாங்கவில்லை. மூன்று நாள் என்னுடன் சரியாகப் பேசவுமில்லை. பரிசோதகரின் அறிக்கையின் பிரதியொன்றைத் தரகருக்கும் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். ஏழு பக்கம், நனைந்த பின்பலகையின் படங்களுடன்.

நான் கொழும்பு திரும்பி ஐந்து வாரமிருக்கும். மருமகன் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தான். அதே படகு. ஆண்டு இன்னமும் 2006. விலையில் 1,500 டொலர் குறைத்திருந்தார்கள். “ஆழ்கடல் மீன்பிடிக்கும் குடும்ப உல்லாசத்துக்கும்” என்பது அப்படியே இருந்தது. புதிதாக ஒரு படம் மட்டும் சேர்த்திருந்தனர். அணியத்தில் கால்களைத் தொங்கவிட்டபடி இரண்டு சிறுவர், அங்கியில்லாமல், சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அந்த விளம்பரத்தின் குறுக்கே ‘விற்றாகிவிட்டது’ என்று சிவப்பில் எழுதியிருந்ததாக அவன் தொலைபேசியில் சொன்னான்.